யாருடைய நோட்ஸ்? – ‘திறந்த கல்வி வளம்’ என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

‘திறந்த கல்வி வளங்கள்’ என்கிற சொற்சேர்க்கை 2002இல் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தனது பாடக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் போடப்போவதாக அறிவித்திருந்தது. வளரும் நாடுகளின் உயர்கல்விக்கு இதனால் என்ன பயன் என்பதே பாரிசில் பேசப்பட்ட விஷயம். இந்தப் பிறப்புக் குறிப்பை நாம் மறந்துவிடக் கூடாது. ‘வளம்’ என்பது அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்து இறங்குகிற சரக்கு. ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வாங்கிக்கொள்பவர். கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் யார் வீட்டுக்காரர், யார் வாசலில் நிற்பவர் என்கிற ஏற்பாட்டை அது தொடவில்லை.

மாணவர் என்பவர் வாங்கிக்கொள்பவர் மட்டும்தானா என்ற கேள்வி இந்த வட்டாரங்களில் எழுவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. 2013இல் டேவிட் வைலி என்கிற அமெரிக்கர் ‘தூக்கியெறியும் வீட்டுப்பாடம்’ என்றொரு கருத்தைச் சொன்னார். மாணவர் வேண்டாவெறுப்பாக எழுதுகிறார். ஆசிரியர் வேண்டாவெறுப்பாகத் திருத்துகிறார். பிறகு அது குப்பைக்குப் போகிறது. இத்தனை மணி நேர உழைப்பும் உலகத்திற்கு எதையும் சேர்ப்பதில்லை. அதற்குப் பதிலாக மாணவரே பாடநூலை எழுதட்டும், திருத்தட்டும், தொகுக்கட்டும், அடுத்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கட்டும் என்றார் வைலி. ‘அந்நியமாதல்’ பற்றி நாம் தொழிற்சாலையை முன்வைத்தே பேசிப் பழகிவிட்டோம். வகுப்பறையிலும் அதே கதைதான் என்பதை ஒரு கல்வி நுட்பவியலாளர், மார்க்சின் பெயரைச் சொல்லாமலே, சொல்லிவிட்டார்.

நமது சூழலில் இது இன்னும் கொடுமையானது. இங்கே தூக்கியெறியப்படுவதற்கு முன் விடைத்தாள் பறிமுதலும் செய்யப்படுகிறது. தான் எழுதிய தாளைத் தானே பார்க்க மாணவருக்கு உரிமை உண்டா என்பதை உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேர்வெழுதியவர் தனது விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. எதிர்த்து வழக்காடியது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். தன் கையெழுத்தைத் தானே பார்க்க நீதிமன்றம் போக வேண்டிய ஒரு ஜீவனிடம், ‘வாப்பா, நீயும் ஒரு நூலாசிரியன்தான்’ என்று சொல்வதற்கு முன்னால் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வைலி பேசிய காரியம் நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது, அழகாகவே நடந்திருக்கிறது. 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் நடத்திய ஜான் பீஸ்லி-மர்ரே, தன் மாணவர்களைக் கட்டுரைத் தாள் எழுதச் சொல்லாமல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதச் சொன்னார். அஸ்தூரியாஸின் ‘மேதகு அதிபர்’ நாவல், மார்க்வெஸின் பொலிவார் நாவல், வர்காஸ் யோசா ஆகிய மூன்று கட்டுரைகளும் விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான ‘சிறப்புக் கட்டுரை’ நிலையை எட்டின. நியூ ஹாம்ப்ஷயரில் பிளைமவுத் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபின் டிரோசா 2015 வாக்கில் இன்னொன்று செய்தார். ஆரம்பகால அமெரிக்க இலக்கியத் தொகைநூலை மாணவர்கள் 85 டாலர் போல கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி காப்புரிமை காலாவதியான எழுத்துகள். அப்புறம் எதுக்கு 85 டாலர்? மாணவர்களே அந்தப் பிரதிகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றிற்கும் அறிமுகம் எழுதி, தங்கள் பாடநூலைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

இந்த வெற்றிக் கதைகள் அந்த வட்டாரக் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. நான் நின்று பார்க்க விரும்புவது அங்கே சங்கடத்தோடு தாண்டிப்போகப்படும் ஒரு கதையை. அது புனே.

விக்கிமீடியா அறக்கட்டளை 2010-11இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கொள்கை படிக்கும் மாணவர்களை விக்கிப்பீடியாவில் எழுத வைக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. நன்றாகப் போயிற்று. ‘உலகின் தெற்கில்’ பங்களிப்பாளர்களைப் பெருக்குவது அன்றைய அதன் இலக்கு. ஆகவே 2011 நடுவில் அதே அச்சைத் தூக்கிக்கொண்டு புனே வந்தார்கள். பொறியியல், பொருளியல் படிக்கிற நூற்றுக்கணக்கான மாணவர்கள். மொழி ஆங்கிலம். சில மாதங்களில் உலகின் வேறு மூலைகளில் உட்கார்ந்திருந்த ஊதியமில்லாத தன்னார்வலர்கள் அலற ஆரம்பித்தார்கள். புனேயிலிருந்து வந்துகொண்டிருந்த பத்திகளில் ஏராளமானவை பாடநூல்களிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் அப்படியே எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு திருத்தமாகத் திறந்து பார்த்து அழிக்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது.

வழிகாட்டிகளில் பலருக்கே விக்கிப்பீடியாவில் எழுதிய அனுபவம் இல்லை, தொடக்கமே அளவுக்கு மீறிப் பெரியது என்ற காரணங்களெல்லாம் பிறகு பேசப்பட்டன, சரியானவையே. வான்கூவரில் ஒரே ஒரு வகுப்பு, ஒரு டஜன் கட்டுரை, பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க விக்கிப்பீடியாவின் பழுத்த கைகள். புனேயில் கூட்டம். ஆனால் இந்த நிர்வாகக் காரணங்களுக்கு அடியில் இன்னொரு தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது: ‘இந்திய மாணவர்களுக்குக் காப்புரிமை என்றால் என்னவென்று தெரியாது.’ நமது பேராசிரியப் பெருமக்களும் இதற்குத் தலையாட்டுவார்கள். “பசங்க காப்பியடிக்கிறானுங்க சார், என்ன பண்றது?”

நான் கேட்பது இது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையிடம் நாம் கேட்டது என்ன? புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைப் புத்தகத்தில் உள்ளபடி. விடைக்குறிப்பில் உள்ள சொல் விடைத்தாளில் இருந்தால் மதிப்பெண். ‘சொந்த நடை’ என்பது தமிழ்த் தாளில், கட்டுரைக் கேள்விக்கு மட்டும், அதுவும் முன்னுரை முடிவுரை போட்டு அனுமதிக்கப்படுகிற ஆடம்பரம். மற்ற இடத்தில் சொந்தமாக எழுதினால், “நீயா எழுதாத, புக்ல இருக்கறத எழுது, மார்க் போயிரும்.” இதைச் சொல்லாத பள்ளிக்கூடம் நம் நாட்டில் எத்தனை? அப்படி வளர்க்கப்பட்டவர் விக்கிப்பீடியாவின் வெள்ளைத் திரைக்கு முன் உட்கார வைக்கப்பட்டபோது, மதிப்பெண்ணும் உண்டு என்று சொல்லப்பட்டபோது, தனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வேலையைச் செய்தார்: புத்தகத்தை எடுத்துப் போட்டார். பள்ளியில் எது கீழ்ப்படிதலோ அது இங்கே திருட்டு. நடுவில் என்ன மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இடதுசாரி நண்பர்கள் சிலர் இந்தக் கதையைக் கேட்டதும் உற்சாகமாகி, ‘அறிவுச் சொத்துரிமையே முதலாளியச் சூழ்ச்சி, எனவே நகலெடுத்தல் ஒரு கலகம்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. பாடநூலின் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தலில் கலகம் எங்கே இருக்கிறது? அது அதிகாரத்தின் குரலை மாணவர் வாயால் பேசவைத்தல். தவிரவும், அதைத் துடைத்து எடுத்தவர்கள் எந்தக் கம்பெனியின் முதலாளிகளும் அல்ல, இரவு விழித்து வேலை பார்த்த தன்னார்வலர்கள். அவர்களது எரிச்சல் நியாயமானது.

என் விமர்சனம் திட்டத்தின் கட்டமைப்பு மீது. மாணவரை ‘ஈடுபடுத்துதல்’ என்கிற இந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஈடுபடுகிறவர் மாணவர், ஈடுபடுத்துகிறவர் வேறு யாரோ. நம் மரபில் இதற்கு நேர்மையான ஒரு பதிவு முறை இருந்தது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுப்புக்குப் பின்னால் ஒரு அரசன் இருந்தான் என்பதை அந்தக் குறிப்பு மறைக்கவில்லை. இன்று மாணவர்களின் திறந்த நூல்களில் தொகுத்தவர்களின் பெயர் வரிசையாக வருகிறது. தொகுப்பித்தவர் அட்டையின் மூலையில் ஒரு சின்னமாக ஒதுங்கிக்கொள்கிறார். புனேயில் தொகுப்பித்தது கடல் கடந்த ஓர் அறக்கட்டளையின் வளர்ச்சி இலக்கு. எழுத வேண்டிய மொழியைக்கூட அந்த மாணவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? மராத்தி விக்கிப்பீடியா அப்போதும் இருந்தது.

சரி, நம் ஊர் மாணவர் தாமாக, யாரும் ஈடுபடுத்தாமல், உருவாக்கித் தொகுக்கும் கல்வி வளம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் சீனியர் நோட்ஸ்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் இவற்றைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். இன்றைக்கு வாட்ஸ்அப் குழுக்களில் பி.டி.எஃப். ஆகவும் ஓடுகின்றன, ஆனாலும் கையெழுத்துப் பிரதியின் நகலின் நகல்தான் இன்னும் ராஜா. பிரதி ஆய்வு செய்கிற நண்பர்கள் இவற்றைப் பார்க்க வேண்டும். நடுவில் பாடநூல் வாக்கியம், கோணல் மாணலாக. பக்கவாட்டில் எந்த ஆண்டு எந்த மாதத் தேர்வில் கேட்டார்கள் என்ற குறிப்பு. அடிக்கோடுகள், மூன்று தலைமுறைப் பேனாவில். ஓரத்தில், இதுதான் முக்கியம், பேச்சுத் தமிழில் விளக்கம். பொருளியல் நோட்ஸ் ஒன்றில் ‘பணவீக்கம் என்பது பொதுவிலை மட்டத்தின் தொடர்ச்சியான உயர்வு’ என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்: ‘பத்து ரூபா டீ பதினஞ்சு ஆனா, கூலி ஏறாட்டி, அதான்.’ அந்தக் ‘கூலி ஏறாட்டி’ பாடநூலில் கிடையாது. பொதுவிலை மட்டம் ஏறுவது மட்டும்தான் பாடநூலுக்குத் தெரியும். யார் வயிற்றில் ஏறுகிறது என்பது ஓரத்தில் இருக்கிறது. ஆங்கில வழிப் பாடங்களின் நோட்ஸில் இந்த ஓரம் இன்னும் அகலமாக இருப்பதைப் பார்க்கிறேன். உரையாசிரியர் மரபு செத்துவிட்டது என்று யார் சொன்னது?

உடனே இதை வீரக் கதையாக்கிவிடவும் கூடாது. சீனியர் நோட்ஸின் எஜமான் தேர்வு. தேர்வு கேட்காததை அது தொடாது. தவறுகள் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் விட, இது ‘திறந்த’ வளமே அல்ல. எந்த சீனியரின் நோட்ஸ் எந்த ஜூனியருக்குப் போகிறது? விடுதி அறை வழியாக, ஊர் வழியாக, பல நேரங்களில் சாதி வழியாக. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற, விடுதியில் இடம் கிடைக்காமல் தினம் இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணுக்கு எந்த சீனியர் இருக்கிறார்? கடைக்காரரிடம் பக்கத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்குவதே அவருக்கு மிச்சம். அந்த வகையில் ஜெராக்ஸ் கடை கல்லூரியை விட ஜனநாயகமானது.

அந்தக் கடைக்கும் ஆபத்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் தில்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டப்படி பல நூல்களின் பகுதிகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த தொகுப்புகள்தான் குற்றம். மாணவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் செய்தார்கள். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மறு விசாரணைக்கு அனுப்பினாலும் கற்பித்தலுக்காக நகலெடுப்பதை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ‘ஆசிரியராலோ மாணவராலோ’ கற்பித்தலின் போக்கில் செய்யப்படும் நகலுக்கு விலக்கு அளிக்கிறது. நம் மாணவர் இயக்க வரலாற்றில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ஆனால் இதிலும் சட்டம் மாணவரைப் பார்ப்பது நகலெடுப்பவராக. அவரது ஓரக் குறிப்பு சட்டத்தின் கண்ணில் விழவில்லை.

ஓரக் குறிப்பைப் பொதுவில் வைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் அமெரிக்கப் பேச்சில் அநேகமாக இல்லாத ஒன்று குறுக்கே வருகிறது.

பிரான்சில் செலஸ்தான் ஃபிரெனே என்ற கிராமப் பள்ளி ஆசிரியர் 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதினார்கள், எழுத்துக் கோத்தார்கள், அச்சடித்து வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் தாள்கள் இவர்களுக்குப் பாடநூல் ஆயின. 1932இல் தொடங்கிய ‘வேலைக்கான நூலகம்’ என்கிற சிறுநூல் வரிசை இந்த இயக்கத்தில் விளைந்ததே. இன்றைய ‘திறந்த கற்பித்தல்’காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்பவற்றில் பாதி ஈய எழுத்தில் அப்போதே நடந்துவிட்டது. அதே 1932இன் இறுதியில் அவர் வேலை பார்த்த சேன் போல் ஊரின் சுவர்களில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. அதில் இருந்தது அவரது மாணவன் ஒருவன் எழுதி அச்சான ஒரு கனவு: பள்ளிக்கு இலவசப் பொருட்கள் தராத மேயருக்கு எதிராக வகுப்பே கலகம் செய்வதாக. வலதுசாரிப் பத்திரிகைகள் பாய்ந்தன. 1933இல் ஃபிரெனே அந்தப் பள்ளியை விட்டுப் போக நேர்ந்தது. ஒரு பிள்ளையின் கனவு, பொதுவில் வைக்கப்பட்டதால், ஊர் அதிகாரத்திற்கு எதிரான சாட்சியமாகிவிட்டது.

நம் ஊரில் இதை நடத்திப் பாருங்கள். ‘உங்கள் ஊர் வரலாற்றைத் திறந்த கல்வி வளமாக எழுதுங்கள்’ என்று ஒரு பணி கொடுக்கப்படுகிறது. ஒருவர் கோயில் தேர் பற்றி எழுதுகிறார். இன்னொருவர் அந்தத் தேர் எந்தத் தெருவுக்குள் வராது என்பதை எழுதுகிறார். டீக்கடையில் எந்தக் குவளை எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்பதை எழுதுகிறார். இரண்டுமே ‘உள்ளூர் அறிவு’தான். முதல் கட்டுரை அடுத்த ஆண்டு பாடமாகும். இரண்டாவதை எழுதியவர் பெயரோடு, ஊரோடு இணையத்தில் வைத்தால், அவர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியுமா? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒருமுறை அளித்தால் திரும்பப் பெற முடியாதது. பதினெட்டு வயதில், அகமதிப்பெண்ணுக்காக, ஆசிரியர் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுப்பதைச் ‘சம்மதம்’ என்று சொல்வதற்கு மனம் வரவில்லை. பெயரை ஆதாரமாகக் காட்டு என்பதே அந்த உரிமங்களின் அடிப்படை அறம். படைப்பாளிக்குப் பெயர் கௌரவம் என்பது அதன் அனுமானம். பெயரே சாதியைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சமூகத்தில் அந்த அனுமானம் எல்லோருக்கும் ஒன்றுபோல் செல்லுபடியாகாது. ஆனால் இதையே சாக்காக வைத்து ‘உன் பாதுகாப்புக்காக உன் பெயரை எடுத்துவிட்டேன்’ என்று ஆசிரியர் தீர்மானிப்பதும் அதே பழைய பறிமுதல்தான்.

உழைப்புச் சுரண்டல் என்கிற பழைய வாதத்தை விரித்துப் பேச இடமில்லை. ஒன்று மட்டும்: விக்கிப்பீடியா போன்ற திறந்த எழுத்துகள் இன்று பெருநிறுவனங்களின் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி. ஓரக் குறிப்பும் ஒருநாள் அந்த வாய்க்குள் போகும். அதற்காக மூடி வை என்று நான் சொல்லமாட்டேன். 1998இலிருந்து மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டெழுதிப் பொதுவில் வைத்த பழந்தமிழ் நூல்கள் இல்லாமல் நம்மில் பலரது ஆய்வே இல்லை. யார் தின்பார்கள் என்று பயந்து அவர்கள் நிறுத்தியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

எனக்கு நம்பிக்கை தருகிற முன்மாதிரி எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரவில்லை. ஃபிளாரன்சுக்கு வடக்கே மலைக்குள் பார்பியானா என்ற குக்கிராமத்தில், அரசுப் பள்ளிகள் பெயிலாக்கி அனுப்பிய விவசாயப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு லொரன்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளி அது. 1967இல் எட்டுப் பையன்கள் சேர்ந்து ‘ஒரு ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை எழுதினார்கள். அவர்கள் எழுதிய முறையைக் கவனிக்க வேண்டும். தோன்றியதையெல்லாம் துண்டுச் சீட்டில், ஒரு சீட்டுக்கு ஒரு எண்ணம், ஒரு பக்கம் மட்டும். பிறகு எல்லாச் சீட்டுகளும் மேசை மேல். ஒன்றுபோல் இருப்பவை கழிக்கப்படும், மற்றவை குவியல்களாகும், குவியல்கள் இயல்களாகும். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக வெட்டுவது. எழுதியதை வெளியாட்களிடம் படித்துக் காட்டுவது, அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்து. யாருடைய சீட்டு எது என்பது கடைசியில் யாருக்கும் தெரியாது. நூலின் ஆசிரியர்: பார்பியானா பள்ளி. தொகுத்தல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆசிரியர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இணைப்புகளுக்கு மாணவர் நட்சத்திரக் குறி போடுவதற்கும் அதே பெயரைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் துறையில் நானும் இரண்டாமாண்டு மாணவர்கள் சிலரும் இப்போது செய்துகொண்டிருப்பது சின்ன வேலை. ஜெராக்ஸ் நோட்ஸ்களிலிருந்து ஓரக் குறிப்புகளை மட்டும் சீட்டில் எழுதி மேசையில் பரப்புகிறோம். மதிப்பெண் கிடையாது, அதனால் பதினொரு பேராக இருந்தவர்கள் ஏழாகக் குறைந்திருக்கிறார்கள். ‘பணவீக்கம்’ குவியலில் மட்டும் பத்தொன்பது சீட்டு. பெயர் போடுவதா வேண்டாமா என்று மூன்று வாரமாகச் சண்டை. இரண்டு மாணவிகள், “எங்க பேரு ஒரு புத்தகத்துல வர்றது இதான் சார் முதல் தடவை, போடத்தான் வேணும்” என்கிறார்கள். ஒரு மாணவர், பேரு வந்தா பரவாயில்லை, ஊர்ப் பேரு வரக் கூடாது என்கிறார். ஏன் என்று அந்த அறையில் யாரும் அவரைக் கேட்கவில்லை. சீட்டுகள் அடுத்த புதன்கிழமை மறுபடி மேசைக்கு வருகின்றன.